குடலுக்கு ரத்தம் திரும்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள்

அவசர சிகிச்சை, அறுவை சிகிச்சை, மயக்கவியல், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

குடலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு நம்மிடம் வரும் நோயாளிகளுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடைப்பு நீங்கிக் குடலுக்கு ரத்தம் திரும்பிய நேரத்தை, மணி நிமிடத்தோடு, அறுவைக் குறிப்பில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதுங்கள். அந்த நிமிடத்திலிருந்தே அவருடைய நுரையீரலைக் கவனிக்கத் தொடங்குங்கள். மூச்சு சீராக இருந்தாலும் சரி, விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி 98 சதவீதம் காட்டினாலும் சரி.

குடல் அறுவைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று இளம் மருத்துவர்கள் கேட்கக்கூடும். தொடர்பு மிக நெருக்கமானது. பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாம் எழுதும் குறிப்புகளில் இது அபூர்வமாகத்தான் இடம்பெறுகிறது. அந்த இடைவெளிதான் என்னை எழுத வைத்தது.

அடைப்பை எடுத்தவுடன் கருத்துக் கிடந்த குடல் மெல்லச் சிவக்கும். குடலைத் தாங்கி அதன் ரத்தக்குழாய்களைச் சுமக்கும் படலமான குடல்தாங்கியில் துடிப்பு தெரியும். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். வர வேண்டிய நிம்மதிதான், ஒரு உயிர் மீண்டிருக்கிறது. ஆனால் நுரையீரலுக்கான ஆபத்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது.

ஒரு பெரியவரை நினைக்கிறேன். இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர். ரத்தம் உறையாமல் இருக்க எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தார். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. கை வைத்துப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருந்தது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் குடலின் பெரிய தமனியில் ரத்தக்கட்டி. அதை எடுத்தார்கள், கெட்டுப்போன சிறு பகுதிக் குடலை வெட்டி நீக்கினார்கள். அன்று இரவு நன்றாக இருந்தார், பேசினார். மறுநாள் பிற்பகல் நிமிடத்துக்கு 18 ஆக இருந்த மூச்சு 28-க்கு ஏறியது. மாலை எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை படர்ந்திருந்தது.

அவருடைய கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்து மூன்று கையெழுத்தில் மூன்று கேள்விகள். ‘நிமோனியா?’ என்று ஒருவர். ‘ஹார்ட் ஃபெயிலியர்?’ என்று இன்னொருவர். ‘சலைன் அதிகமோ?’ என்று மூன்றாமவர். மூன்றும் நியாயமான கேள்விகள். எக்கோவில் இதயம் நன்றாகத் துடித்தது. சளியில் கிருமி வளரவில்லை. முந்தைய நாள் மணிக்கணக்கில் ரத்தமின்றிக் கிடந்த குடலைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது ‘முடிந்த விஷயம்’ ஆகி, வேறொரு துறையின் தாளுக்குள் போய்விட்டது. அவர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனாலும் வென்டிலேட்டரில் கழித்த நாட்களில் சிலவற்றையாவது அவருக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடலும் அதைச் சார்ந்த உறுப்புகளும் இருக்கும் பகுதிக்குப் போகிறது. இவ்வளவு வாங்கியும், குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் சிறு முளையான குடலுறிஞ்சியின் நுனி எப்போதும் பற்றாக்குறையின் விளிம்பில்தான் இருக்கிறது. காரணம் அதன் அமைப்பு. நடுவில் ஒரு நுண்தமனி மேலே ஏறுகிறது. அதை ஒட்டியே ரத்தம் கீழே இறங்கும் குழாய்களும் ஓடுகின்றன. ஏறும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி, நுனியைச் சேரும் முன்பே இறங்கும் ரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. ரத்த ஓட்டம் குறையக் குறைய இந்தத் தாவலும் அதிகமாகிறது.

அதனால் தடை ஏற்பட்டால் முதலில் அடி வாங்குவது நுனி. அங்கே மேற்பரப்புச் செல்கள் அடிப்படையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அடியில் சிறு வெற்றிடம் தெரியும். தடை நீடித்தால் பக்கங்களும் உரியும், கடைசியில் குடலுறிஞ்சியே மொட்டையாகிச் சிதையும். 1970-இல் சியு என்பவரும் அவருடைய சகாக்களும் இந்தச் சிதைவை 0 முதல் 5 வரை தரம் பிரித்தார்கள். இன்றும் குடல் ரத்தத்தடை ஆய்வுகளில் அந்த அளவுகோலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

ரத்தம் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1986-இல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற இருவர் பூனைகளின் சிறுகுடலில் செய்த சோதனை இந்த எண்ணத்தை அசைத்தது. நான்கு மணி நேரம் ரத்தத் தடையிலேயே விட்ட குடலைவிட, மூன்று மணி நேரத் தடைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ரத்தம் பாய்ச்சிய குடல் அதிகமாகச் சிதைந்திருந்தது. மொத்த நேரம் ஒன்றுதான். திரும்பி வந்த ரத்தமே சேதத்தைக் கூட்டியிருக்கிறது.

இதன் வேதியியலில் முக்கியமான ஒரு பகுதியைக் கிரேஞ்சரின் குழு அதற்கு முன்பே, 1981-இல், காட்டியிருந்தது. ஆக்சிஜன் இல்லாத செல்லில், அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி சிதைந்து ஹைப்போசாந்தைன் என்ற பொருள் தேங்குகிறது. அதே நேரத்தில் ஒரு நொதி உருமாறி சாந்தைன் ஆக்சிடேஸ் ஆகிறது. இரண்டும் தயாராக இருக்கின்றன, குறைவது ஆக்சிஜன் மட்டும்தான். ரத்தம் அதைக் கொண்டுவந்து சேர்த்ததும் சூப்பராக்சைடு போன்ற நாசகாரப் பொருட்கள் திடுமென உருவாகின்றன. அவை செல் சவ்வுகளை அரிக்கின்றன, வெள்ளணுக்களைக் கூட்டி வருகின்றன.

அப்புறம்தான் நுரையீரல் வருகிறது. குடலில் உருவான நச்சு அங்கே எந்த வழியாகப் போகிறது? இந்தக் கேள்விக்கான பதில் வந்த விதத்தை ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

1986-இல் காரிகோ, மீக்கின்ஸ், மார்ஷல் ஆகிய அறுவை மருத்துவர்கள், பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழப்பதற்கு ‘மோட்டார்’ குடல்தான் என்று எழுதினார்கள். குடல் சுவர் ஓட்டையாகி, கிருமிகள் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து உடல் முழுக்கப் பரவுகின்றன என்பது அந்தக் காலத்தில் பலரும் நம்பிய விளக்கம். 1991-இல் மூரும் அவருடைய குழுவினரும் கடும் காயமடைந்த 20 நோயாளிகளின் போர்ட்டல் சிரையில் குழாய் வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த கிருமிகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த நோயாளிகளில் சிலருக்கு உறுப்புகள் செயலிழக்கத்தான் செய்தன.

அப்படியானால் எந்த வழி? குடலிலிருந்து வெளியேற ரத்தக்குழாயைத் தவிர நிணநீர்க் குழாயும் இருக்கிறது. கொழுப்பு உணவு போகிற அதே பாதை. குடல்தாங்கியின் நிணநீர் மார்பு நிணநீர்க் குழாயில் ஏறி, கழுத்தின் இடப்பக்க அடியில் பெருஞ்சிரையில் கலக்கிறது. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், அடுத்து நுரையீரல். கல்லீரலின் வடிகட்டல் இதில் இல்லை. குடல் நிணநீர் சந்திக்கும் முதல் நுண்குழாய்ப் படுகை நுரையீரலுடையதுதான்.

டீச் என்ற அறுவை மருத்துவரின் குழு 1998-இல் எலிகளில் இதைச் சோதித்தது. ரத்த இழப்பால் ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகள் வாடும் அதிர்ச்சி (ஷாக்) நிலைக்கு முன்பே குடல் நிணநீர்க் குழாயைக் கட்டிவிட்டால், அதிர்ச்சிக்குப் பின் வழக்கமாக வரும் நுரையீரல் கசிவு பெருமளவு தவிர்ந்தது. அதிர்ச்சிக்குள்ளான விலங்கின் குடல் நிணநீரை ஆய்வுத்தட்டில் ரத்தக்குழாய்ச் செல்கள்மீது விட்டால், அந்தச் செல்களுக்கிடையே கசிவு கூடியது. அதே விலங்கின் ரத்தப் பிளாஸ்மா அப்படிச் செய்யவில்லை. உடற்கூறு வகுப்பில் மார்பு நிணநீர்க் குழாயை ஒரு வரியில் கடந்து போகிறோமே, அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு கிடக்கிறது பாருங்கள்.

நுரையீரலில் நடப்பதில் பெரும்பங்கு நியூட்ரோபில் என்ற வெள்ளணுவுடையது. சராசரி நியூட்ரோபில், நுரையீரலின் நுண்குழாயைவிடச் சற்றே அகலமானது. சாதாரணமாக உடலை நீட்டிக் குறுக்கி நுழைந்து போய்விடும். அழற்சித் தூண்டல் கிடைத்த நியூட்ரோபில் விறைத்துக்கொள்கிறது, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கில் அங்கேயே தங்கி நொதிகளையும் ஆக்சிஜன் நச்சுகளையும் கக்குகிறது. நுண்குழாய்ச் சுவர் சல்லடையாகி, புரதம் நிறைந்த நீர் காற்று நுண்ணறைகளுக்குள் இறங்குகிறது. விலங்குகளில் நியூட்ரோபில்களை முன்கூட்டியே குறைத்துவிட்டுக் குடலுக்கு ரத்தத்தை நிறுத்தித் திறந்தபோது, நுரையீரல் சேதம் குறைந்ததை 1989-இல் காட்டினார்கள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை எதிர்ப்பொருளால் தடுத்தாலும் குறைந்தது, அது 1990.

இன்னொரு கோணமும் உண்டு. உணவைச் செரிக்கக் கணையம் அனுப்பும் டிரிப்சின் போன்ற நொதிகள் குடலின் உள்வெளியில் நிறைந்திருக்கின்றன. சளிப்படலம் இருக்கும்வரை அவை குடலைத் தொடுவதில்லை. ரத்தமின்றிப் படலம் கிழிந்தால் நம் நொதியே நம் குடல் சுவரைச் செரிக்கத் தொடங்குகிறது. ஷ்மிட்-ஷோன்பைன் குழு 2013-இல் எலிகளின் குடலுக்குள் நொதித் தடுப்பான்களைச் செலுத்தி அதிர்ச்சியில் உயிர்பிழைப்பைக் கூட்டியது. நுரையீரலும் குறைவாகவே சேதமடைந்தது.

இவற்றில் மிகுதியும் எலி, பூனை போன்ற விலங்குகளில் கண்டவை. மனிதரில் நிணநீர்க் குழாயைக் கட்டச் சொல்லி நான் எழுதவில்லை, நிரூபணமாகாத மருந்து எதையும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கவனம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல சிகிச்சையைச் சில மணி நேரம் முன்கூட்டித் தொடங்குவது, அவ்வளவுதான்.

அவசரப் பிரிவு நண்பர்களே, தடை எவ்வளவு நேரம் நீடித்ததோ அவ்வளவுக்கு இந்தச் சங்கிலி வலுக்கிறது. பரிசோதனையில் தெரிவதைவிட வலி பல மடங்கு அதிகமாக இருக்கும் நோயாளியை ‘வாயு வலி’ என்று அனுப்பிவிடாதீர்கள். திசுக்களுக்கு ஆக்சிஜன் குறையும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் இயல்பாக இருக்கிறது என்பதை வைத்துக் குடல் ரத்தத்தடை இல்லை என்று முடிவு கட்ட முடியாது, தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் முடிவுக்காகச் சிடி ஆஞ்சியோவைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் இறப்பு விகிதம் பெரும்பாலான தொகுப்புகளில் பாதியைத் தொடுகிறது, தாமதமானால் இன்னும் ஏறுகிறது. கான்ட்ராஸ்ட் மருந்தால் சிறுநீரகத்துக்கு வரக்கூடிய பாதிப்பை அதற்குப் பக்கத்தில் வைத்து எடைபோடுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் நோயாளியிடமோ வீட்டாரிடமோ கேட்டு எழுதிவிடுங்கள். ரத்தம் திரும்பிய நேரத்தோடு அதைச் சேர்த்துப் படித்தால்தான் தடையின் நீளம் தெரியும்.

மயக்க மருத்துவர்களே, அறுவை அரங்கிலேயே நுரையீரலைக் காக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் கொடுக்கும் காற்றின் அளவு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும் கடும் பாதிப்பு, வந்த 861 நோயாளிகளில் செய்து 2000-இல் வெளியான சோதனையில், கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த குழுவில் இறப்பு 39.8 சதவீதம், 6 மில்லி கொடுத்த குழுவில் 31 சதவீதம். கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை, கட்டிலில் படுத்திருப்பவரின் உண்மையான எடை அன்று. அதனால் ஒரு டேப் எடுத்து உயரத்தை அளந்துவிடுங்கள். அவசரத்தில் கண்ணால் மதிப்பிட்ட உயரம் பல தடவை தவறுகிறது, குறிப்பாகக் குள்ளமான பெண் நோயாளிகள் விஷயத்தில். அந்தச் சோதனை ஏஆர்டிஎஸ் வந்தவர்களில் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் வரப்போகிறது என்று இவ்வளவு காரணத்தோடு சந்தேகிக்கும் ஒருவருக்குப் பெரிய மூச்சுகளைக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சலைன் விஷயம் கடினம். குடல் வீங்கி நீரைக் குடிக்கும், ரத்த அழுத்தம் விழும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நுண்குழாய் கசியும் நுரையீரலுக்கு ஒவ்வொரு கூடுதல் பாட்டிலும் சுமை. முதல் சில மணி நேரம் தாராளமாகவும், அதிர்ச்சி தணிந்த பிறகு கையை இறுக்கியும் கொடுப்பது என் வழக்கம். எங்கே அந்தத் திருப்பம் என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு எண் எதுவும் என்னிடம் இல்லை.

இனி எதிர்த்திசையில் ஒன்று. என் சொந்தத் துறையான தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நுரையீரல் காரணமின்றி மோசமானால் வயிற்றைப் பாருங்கள். நம் நோயாளிகள் மயக்கத்தில் இருக்கிறார்கள், வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ரத்தக்குழாயில் கட்டி எதுவும் இல்லாமலேயே, அதிர்ச்சியாலும், ரத்த அழுத்தத்தை உயர்த்த நாம் ஏற்றும் நார்அட்ரினலினாலும் குடலின் தமனிகள் சுருங்கி ரத்தம் வற்றக்கூடும். மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் மூடிக்கொள்ளாமலிருக்க வென்டிலேட்டரில் நாம் கூட்டும் பீப் அழுத்தமும் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம். வயிறு உப்புவது, குழாய் வழி உணவு தங்காமல் திரும்புவது, மருந்து அளவு ஏறிக்கொண்டே போவது, லாக்டேட் இறங்காதது ஆகியவை ஒன்றுசேர்ந்து வந்தால் அறுவை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள், ராத்திரியாக இருந்தாலும்.

அதிர்ச்சியில் இருப்பவருக்கு முழு அளவு உணவைக் குழாய் வழியாகத் தொடங்கும் அவசரத்தையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 2018-இல் வெளியான நியூட்ரிரியா-2 சோதனையில், வென்டிலேட்டரில் அதிர்ச்சியோடு இருந்த ஏறத்தாழ 2,400 பேரில், குடல் வழி உணவு பெற்ற குழுவில் 19 பேருக்கும் சிரை வழி உணவு பெற்ற குழுவில் 5 பேருக்கும் குடல் ரத்தத்தடை வந்தது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த 19 பேரில் ஒவ்வொருவரும் நம் கட்டிலில் இருப்பவர் போன்றவர்தான். சிறுநீர்ப்பைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் அழுத்தத்தை அளக்க சில நிமிடமே ஆகும். 12 மி.மீ. பாதரச அளவைத் தொட்டால் உயர்வு, 20-ஐத் தாண்டி உறுப்பு ஒன்றும் புதிதாகத் தளர்ந்தால் அவசரம். அந்த அழுத்தம் குடலின் ரத்தத்தை நெரிக்கும், உதரவிதானத்தைத் தூக்கி நுரையீரலையும் நசுக்கும்.

ஏஆர்டிஎஸ்-க்கான 2012-ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை, காரணமான நிகழ்வு நடந்து ஒரு வாரத்துக்குள் நுரையீரல் பாதிப்பு வர வேண்டும் என்கிறது. அதோடு தந்திருக்கும் பொதுவான காரணங்களின் பட்டியலில் நிமோனியா, செப்சிஸ், கணைய அழற்சி, பெருங்காயம், அதிர்ச்சி எல்லாம் உண்டு. குடல் ரத்தத்தடை தனிப்பெயரோடு இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததை நாம் தேடுவதும் இல்லை. சிகிச்சை நெறிமுறைகளையும் பாடத்திட்டத்தையும் எழுதும் குழுக்களில் இருப்பவர்கள் இந்த மடலைப் படித்தால், அந்த ஒரு பெயரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

செவிலியர்களே, இந்தப் பாதிப்பை முதலில் பார்க்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் நோயாளியில் விரல் கருவியின் எண் கடைசியில்தான் விழும், மூச்சின் வேகம் அதற்கு முன்பே ஏறும். ஒரு முழு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். முந்தைய எண்ணைவிட ஐந்தாறு கூடியிருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். ‘இதற்கெல்லாமா கூப்பிடுவது’ என்று அவர் சலித்துக்கொண்டால், இந்த மடலைக் காட்டுங்கள்.

வீட்டாரிடமும் ஒரு சொல். ‘ஆபரேஷன் நல்லா முடிஞ்சது’ என்று கேட்டு நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு, மறுநாள் ‘வென்டிலேட்டரில் போடுகிறோம்’ என்பது இடி. என்ன தவறு நடந்தது என்று அவர்கள் கேட்பது இயல்பு. அறுவை முடிந்து வெளியே வந்து பேசும் அதே நேரத்தில், ‘குடலுக்கு ரத்தம் திரும்பிவிட்டது, இனி இரண்டு மூன்று நாள் மூச்சைக் கவனிப்போம், சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கலாம், அதற்குத் தயாராக இருக்கிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டுப் பிறகு நடப்பதை எதிர்கொள்ளும் குடும்பங்கள் எவ்வளவு தெம்பாக இருக்கின்றன என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அறுவை மருத்துவர்களே, கடைசியாக உங்களிடம்: உங்கள் குறிப்பில் இரண்டு வரி போதும். வலி தொடங்கியது இத்தனை மணிக்கு, ரத்தம் திரும்பியது இத்தனை மணிக்கு. நோயாளியோடு அந்தத் தாளையும் எங்கள் பிரிவுக்கு அனுப்புங்கள். அடுத்த ஷிஃப்டில் வரும் இளம் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கேள்விக்குறி போடும்போது, அவர் கையில் அந்த இரண்டு நேரங்களும் இருக்கட்டும்.

அன்புடன்,
தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு மருத்துவர்